ஏறின கியரிலேயே இறங்கு

2025 பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேரனும் சென்னையிலிருந்து ராசிபுரம் வந்திருந்தார்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை. மொட்டை மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பேரனுக்கு ஒன்பது வயது. தூரத்து மலையைக் கையால் காட்டி, "தாத்தா, அந்த மலைக்கு ரோடு இருக்கா?" என்று கேட்டான்.

"அது போதமலை. நாம கார்ல போற மாதிரி ஒரு மலை இருக்குது. வா, இன்னிக்கே போலாம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த அரை மணி நேரத்தில் வீடு கிளம்பிவிட்டது. என் மனைவி மட்டும், "ஏனுங்க, திடீர்னு மலைக்கா? நீங்களா ஓட்டப் போறீங்க?" என்று கேட்டாள். "பின்னே யாரு?" என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. புளிசாதம் கிளறப் போய்விட்டாள்.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு ஏற்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாகப் போனால் அடிவாரம் வரும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஊர், நடுவில் ஒரு ஏரி, சுற்றிக் காடு. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காபிச் செடியை அங்கே கொண்டுவந்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் காபி விளைகிறது. ஊட்டிக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் போவதால் 'ஏழைகளின் ஊட்டி' என்ற பெயரும் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் குறையொன்றும் இல்லை. ஆசிரியர் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு நான் காட்டிய ஒரே மலை அதுதான்.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து 2011இல் ஓய்வு பெற்றவன். அதனால் குளிருக்கும் ஒரு கணக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆக, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். மே மாதத்தில் இது சுகம். தை மாதத்தில், பொழுது சாய்ந்த பிறகு, காற்றும் பனியும் சேர்ந்துகொண்டால் சமவெளிக்காரர்களுக்குப் பல் கிட்டித்துவிடும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. சங்ககிரிக்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டினார். எங்கள் பக்கம் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று எங்கே கல்லை விட்டெறிந்தாலும் ஒரு லாரி மேல்தான் விழும். அந்தக் காலத்தில் பம்பாய் வரை லோடு அடித்துவிட்டு வந்து, ஒரு வாரம் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடப்பார். 1988இல் நண்பர் ஒருவரின் அம்பாசடரை இரவல் வாங்கிக்கொண்டு என்னை ஏற்காட்டுப் பாதையில் ஏற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்தபடியே அவர் சொன்னது இதுதான்.

"மாப்ளே, ஏர்றதுக்கு இஞ்சின் வேணும். எறங்கறதுக்குத்தான் டிரைவர் வேணும். எந்த கியர்ல ஏர்றியோ அதே கியர்ல எறங்கு. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்றைக்கு இறங்கும்போது இரண்டாவது கியருக்கு மேலே போக விடவில்லை. வண்டி உறுமிக்கொண்டே இறங்கியது. இஞ்சின் கெட்டுப்போகாதா என்று கேட்டேன். "கத்தட்டும். அது கத்துச்சுன்னா நாம கத்த வேண்டியதில்ல" என்றார்.

அவர் ஒரே ஒரு தடவைதான் லாரியைச் சாய்த்திருக்கிறார். தொப்பூர் கணவாயில். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிற அந்தச் சரிவு இன்றைக்கும் விபத்துக்குப் பெயர் போன இடம். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மாமாவும் அன்றைக்கு அதைத்தான் செய்திருக்கிறார். வண்டி வேகம் பிடித்துவிட்டது. பிரேக்கை அழுத்தி அழுத்தி, கடைசியில் பிரேக் கைவிட்டது. கியருக்குள் போட முயன்றால் உள்ளே போகவில்லை. மலைப்பக்கம் அணைத்துச் சாய்த்ததில் இவருக்குச் சிராய்ப்பு. கூட வந்த கிளீனர் பையனுக்குக் கால் போயிற்று. முதலாளியிடமும் போலீசிடமும் 'பிரேக் பிடிக்கல' என்று சொல்லித் தப்பித்தார். நியூட்ரலில் வந்ததை அத்தையிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் சொன்னார், அந்த 1988 பயணத்தில், அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து. "பிரேக் மேல பழியப் போட்டுட்டேன் மாப்ளே. பிரேக் வந்து சாட்சி சொல்லப்போவுதா?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. 2009இல் காலமானார்.

பிரேக் எதற்காகக் கைவிடுகிறது என்று என் மாணவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் ஏற்காட்டு உயரத்திலிருந்து சேலத்து உயரத்துக்கு, அதாவது சுமார் 1,200 மீட்டர், இறங்குகிறது. அது இழக்கிற ஆற்றல் கிட்டத்தட்ட ஒரு கோடியே இருபது லட்சம் ஜூல். முப்பது டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். இறங்கும்போது அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலிலோ பெரிய கியரிலோ இறங்கினால், உள்ளங்கை அகலம் உள்ள நான்கைந்து பிரேக் துண்டுகள் அத்தனையையும் சுமக்க வேண்டும். சாதாரண டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அது 140க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. அதற்கு முன்னால் கருகல் வாசனை ஒன்று வரும். அந்த வாசனைதான் கடைசி எச்சரிக்கை.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது மகள் கேட்டாள்: "அப்பா, நான் ஓட்டட்டுங்களா? நீங்க கொஞ்சம் வேடிக்கை பாத்துட்டு வாங்க." அவள் சென்னையில் தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள். மாப்பிள்ளைக்கு வளைவு என்றாலே வயிறு புரட்டும். அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மெட்ராஸ்ல ஓட்டறது வேற, மலை வேற கண்ணு" என்றேன். மாமா மாதிரியே சொன்னேன் என்று அப்போது எனக்குப் பெருமைதான்.

ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. பேரன் ஒவ்வொரு வளைவிலும் பலகையைப் படித்து, "ஒன்னு! ரெண்டு! மூனு!" என்று எண்ணிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். பஸ் வந்தால் ஒதுங்கினேன். குரங்குகளுக்குப் பிஸ்கட் போட வேண்டும் என்று அவன் அடம்பிடித்தபோது, குரங்கு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுவதே அதனால்தான் என்று சொல்லி மறுத்தேன். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ் கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே விழுந்து, பலர் இறந்துபோனார்கள். நாளிதழில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதை மகள் நினைவுபடுத்தியபோது மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே ஏரியில் படகு, பிறகு புளிசாதம், மிளகாய் பஜ்ஜி, பகோடா பாயிண்ட் எல்லாம் ஆயிற்று. நாலு மணிக்கே இறங்கிவிட வேண்டும் என்பது என் வழக்கம். அன்றைக்கு நானே அதை மீறினேன். லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால், இருட்டிய பிறகு சேலம் நகரத்து விளக்குகள் எல்லாம் கீழே தெரியும். பேரனுக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆறரை வரை உட்கார்ந்திருந்தோம். விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. பேரன், "தாத்தா, நட்சத்திரம் கீழ இருக்குது" என்றான். அதற்குள் மூடுபனி வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் சேலம் காணாமல் போயிற்று. எதிரே நின்ற எங்கள் காரே மங்கலாகத்தான் தெரிந்தது.

இங்கே நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வலது கண்ணில் கண்புரை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இடது கண்ணிலும் முற்றிவிட்டது, உடனே எடுத்துவிடலாம் என்று தீபாவளி கழிந்ததும் டாக்டர் தேதியே குறித்துக் கொடுத்தார். இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார். பிள்ளைகள் பொங்கலுக்கு வருகிற நேரத்தில் கண்ணில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று நானே தேதியைத் தள்ளிப் போட்டேன். சீட்டை மடித்துக் காரின் டாஷ்போர்டில் போட்டுவிட்டேன். மனைவியிடம் "இன்னும் முத்தலையாம்" என்று சொல்லியிருந்தேன்.

இறங்க ஆரம்பித்தோம். பேரன், "இருவது!" என்று கத்தினான். "பத்தொம்பது!"

எதிரே வருகிற வண்டியின் விளக்கு, நல்ல கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். புரை விழுந்த கண்ணுக்கு அது பெரிய பூவாக விரியும். மூடுபனியில் அந்தப் பூ இன்னும் பெரிதாகிக் கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது பயம் வரும். பயம் வந்தால் கால் தானாகப் பிரேக் மேல் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் காலை நான் எடுக்கவே இல்லை. கியர் மூன்றில் இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மாமா பக்கத்தில் இருந்திருந்தால் கையில் ஒரு அடி விழுந்திருக்கும்.

பதினாறாவது வளைவு தாண்டியிருப்போம். பின்சீட்டிலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, ஏதோ கருகற வாசனை வருது."

"முன்னால போற வண்டியில இருந்து வருது" என்றேன்.

முன்னால் எந்த வண்டியும் இல்லை.

யாரும் பதில் பேசவில்லை. பேரனும் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

அடுத்த வளைவில் கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. மலைப்பாதையில் இடம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவன் ஓரம் கட்டி நிற்க வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. லோடோடு ஏறுகிற வண்டியை நடுவில் நிறுத்தினால் மறுபடி நகர்த்துவது கஷ்டம், பின்னால் உருண்டாலும் ஆபத்து. அதுவும் நீளமான பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முழு ரோடும் வேண்டும். நான் வளைவுக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும். ஹாரன் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. வளைவுக்குள் மூக்கை நீட்டிய பிறகுதான் அந்தப் பெரிய விளக்கு இரண்டும் தெரிந்தன. மிதித்தேன். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போயிற்று. வண்டி நின்றது. ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை.

பஸ் டிரைவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பெரியவரே, பதறாதீங்க. நான் சொல்ற மாதிரி பின்னால எடுங்க" என்றார். பின்னால் போய் நின்று பக்கவாட்டில் தட்டிக்கொண்டே, "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்... ஹோல்டான்!" என்றார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விட்டு, அரை அடி அரை அடியாக எடுத்தேன். கை நடுங்குவதை மறைக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். பஸ் ஏறிப் போனது. போகிற போக்கில் டிரைவர் ஜன்னல் வழியாக, "பாத்து மெதுவாப் போங்க ஐயா" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த இடத்துக்கு அருகிலேயே மலைப்பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்தது. ஓரங்கட்டி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இஞ்சினை நிறுத்தினேன். முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மூடுபனியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மகள் இறங்கி வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள்.

"அரை மணி நேரம் ஆறட்டும்ப்பா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் டிஷ்யூ பேப்பர் எடுக்க டாஷ்போர்டைத் திறந்தேன். டாக்டர் சீட்டைப் பாத்தேன்" என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"நீங்க சொல்லுங்க."

குளிரில் ரோட்டோரமாக நின்றோம். பதின்மூன்று, பதினான்கு டிகிரி இருக்கும். மனைவி தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். அவளிடம் சொன்னேன். "தெரியுமுங்க. ராத்திரியில தண்ணி சொம்பை ரெண்டு தடவை தட்டி விட்டீங்க. எதையாச்சும் சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். நாற்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் நான் மறைத்து வைத்து ஜெயித்த விஷயம் ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சாவியை மகளிடம் கொடுத்தேன்.

அவள் சீட்டை முன்னால் நகர்த்தினாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். முதலில் நின்ற இடத்திலேயே பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்த்தாள். ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினாள். உள்ளே படிந்திருந்த ஆவி ஒரு நிமிடத்தில் விலகியது. நான் இத்தனை நேரமும் அதைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஹை பீமை அணைத்து லோ பீமில் வைத்தாள். ஹை பீம் போட்டால் மூடுபனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். முதல் கியரில் எடுத்து, இரண்டாவதில் போட்டு, காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டாள். வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. வளைவுக்கு முன்னால் மட்டும் ஒரு தடவை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து உடனே விடுவாள். ஹாரன் அடிப்பாள். எதிர் வெளிச்சம் தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவாள்.

நாலைந்து வளைவு வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "இதெல்லாம் யாரு கண்ணு சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதானே" என்றாள்.

"நானா? எப்போ?"

"2004ல. பழைய மாருதி இருந்துதே, அதுல தம்பிக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தீங்க. ஏற்காடு கூட்டிட்டு வந்தீங்க. அவன் முன்னாடி உக்காந்திருந்தான், நான் பின்னாடி. ஏறின கியர்லயே எறங்கணும், தாத்தா சொன்னதுன்னு சொன்னீங்க. தம்பி பாட்டு கேட்டுட்டு இருந்தான். நான்தான் கேட்டுட்டு வந்தேன்."

அவளுக்கு அப்போது இருபது வயது. அவள் கேட்டாளா, எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று? கேட்டிருப்பாள். பொட்டப்பிள்ளைக்கு மலையில் எதற்கு என்று நான் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை, அவளுக்கு இருக்கலாம். அவள் அதைச் சொல்லவில்லை. தம்பி இப்போது டல்லாஸில் இருக்கிறான். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடே இல்லாத ஊர்.

"பத்து!" என்றான் பேரன் பின்னாலிருந்து. அவன் மறுபடி எண்ணத் தொடங்கிவிட்டான்.

பிப்ரவரியில் இடது கண்ணிலும் அறுவை செய்துகொண்டேன். இப்போது எதிர் வண்டி விளக்கு புள்ளியாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் மலைப்பாதையில் இனி நான் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் புதுக் கண் கிடைத்தாலும் புதுக் கால் கிடைக்காது.

பனிக்காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

கிளம்பும் முன்னால் டயர், பிரேக், விளக்கு, வைப்பர் நான்கையும் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். என் காரில் நான்கு வருஷமாக மாற்றவில்லை என்று மெக்கானிக் பிறகு சொன்னார்.

காலையில் ஏறுங்கள், வெளிச்சத்தில் இறங்குங்கள். விளக்கு அழகாக இருக்கிறது என்று இருட்டும் வரை உட்காராதீர்கள்.

இறங்கும்போது இஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக் பூஸ்டர் கொஞ்ச நேரத்தில் உதவாது, பவர் ஸ்டியரிங் கட்டையாகிவிடும். நியூட்ரலும் கூடாது. இப்போது பல கார்கள் ஆட்டோமேட்டிக். அதில் இறங்கும்போது டி-யிலேயே விட்டுவிடாமல், உங்கள் காரில் எல், 2 அல்லது எம் என்று எது இருக்கிறதோ அதில் போட்டுச் சின்ன கியரில் இறங்குங்கள்.

கருகல் வாசனை வந்தால் கூச்சப்படாமல் நிறுத்துங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானாக ஆறட்டும்.

குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. குறுகலானது. பழக்கம் இல்லாதவர்கள் இரவில் அதில் போக வேண்டாம். எங்கள் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். ஏற்காட்டைப் போல மூன்றரை மடங்கு பொறுமை வேண்டும்.

ஸ்வெட்டர், கம்பளி, குழந்தைக்குக் குல்லா கையோடு இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் அந்தக் குளிரில் வெளியே நிற்க வேண்டி வரும்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை டாஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். அது உங்கள் கண் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. பின்சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மே மாதம் கோடை விழாவுக்கு மறுபடி ஏற்காடு போனோம். மகள் ஓட்டினாள். நான் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தேன். முப்பது தடவைக்கு மேல் அந்தப் பாதையில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஆனால் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான், ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் சேலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாவதைப் பார்த்தேன். காபிச் செடிக்கு மேலே மிளகுக் கொடி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். பின்னாலிருந்து மனைவி, "இவ்வளவு வருஷமா நான் பாத்துட்டு வந்தது இதைத்தானுங்க" என்றாள்.

இறங்கும்போது கை சும்மா இருக்கவில்லை. ஒரு வளைவில், "ரெண்டுல போடு கண்ணு" என்றேன்.

"ரெண்டுலதான்ப்பா இருக்குது" என்றாள்.